செஞ்சியில் வழி தப்பாத தாத்தா கிளாம்பாக்கத்தில் திணறுவது ஏன்? வயதாகும் மூளைக்குள் என்ன நடக்கிறது?

செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்த, 75 வயதான ஒரு தாத்தாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் கடைத்தெருவிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிடுவார். எந்தச் சந்தில் நுழைந்தால் எந்தத் தெரு வரும், கோட்டைக்குள் எந்தப் பக்கம் குளம், எந்தப் பக்கம் நெற்களஞ்சியம் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அதே தாத்தா சென்னையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிறார். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம். கழிப்பறைக்குப் போய்விட்டு வெளியே வந்தவருக்கு, எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்றே தெரியவில்லை. பத்து நிமிஷம் தேடிக் கண்டுபிடித்த மகளுக்கு ஒரே பயம்: "அப்பாவுக்கு மறதி நோய் வந்துடுச்சோ?"

இந்தத் தாத்தா கற்பனைதான். ஆனால் இந்தப் பயம் கற்பனை இல்லை. வயதான பெற்றோர் ஊரிலும், பிள்ளைகள் நகரத்திலும் இருக்கிற பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. பதில் தெரியாததால் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. ஒன்று, சாதாரண முதுமையை நோய் என்று பயந்து பெரியவரை வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்துவிடுவது. இன்னொன்று, உண்மையான நோயின் முதல் அறிகுறியை "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுவது.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மூளை வழியை எப்படி ஞாபகம் வைக்கிறது, வயதானால் அதில் எது குறைகிறது, எது குறைவதில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

மூன்று பேருந்து நிலையம் பார்த்த தலைமுறை

முதலில் கிளாம்பாக்கம் கதை. செஞ்சியிலிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர். இன்று 70 வயதைத் தாண்டிய ஒருவர் இளவயதில் சென்னைக்கு வந்தபோது பாரிமுனையில் இறங்கியிருப்பார். 2002-ல் கோயம்பேடு வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அதுதான் பழக்கம்.

2023 டிசம்பர் 30-ம் தேதி, வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. 2024 ஜனவரி முடிவில் இருந்து திண்டிவனம் வழியாகத் தெற்கே போகும் அரசுப் பேருந்துகள் அங்கே மாறின. பரப்பளவு சுமார் 88 ஏக்கர். கோயம்பேட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வெளியூர் பஸ், ஆம்னி பஸ், மாநகர பஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பகுதி.

25 வயசுப் பையனுக்கு இது இரண்டு தடவை போய் வந்தால் பழகிவிடும். 75 வயதுக்காரருக்குப் பழக இன்னும் பல தடவை தேவைப்படலாம். இது சோம்பேறித்தனமோ, கவனக்குறைவோ இல்லை. காரணம் மூளைக்குள் இருக்கிறது.

மூளைக்குள்ள ஒரு மேப் இருக்கா?

இருக்கு. 1948-ல் எட்வர்ட் டோல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சொன்னார். எலிகள் வழியை "இடது, வலது, இடது" என்று மட்டும் மனப்பாடம் செய்வதில்லை, இடத்தையே ஒரு வரைபடமாக மனசுக்குள் வைத்துக்கொள்கின்றன என்பது அவர் வாதம்.

அந்த வரைபடம் மூளையில் எங்கே இருக்கிறது என்பதற்கு 1971-ல் ஒரு விடை கிடைத்தது. லண்டனில் ஜான் ஓகீஃப், எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் விநோதமான செல்களைப் பார்த்தார். எலி அறையின் ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போனால் ஒரு செல் துடிக்கிறது. வேறு மூலைக்குப் போனால் வேறு செல். 'நீ இப்போ இங்கதான் இருக்க' என்று சொல்லும் இந்தச் செல்களை இடச் செல்கள் என்று சொல்லலாம்.

2005-ல் நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழு அடுத்த துண்டைக் கண்டுபிடித்தது. ஹிப்போகேம்பஸுக்குப் பக்கத்தில் இருக்கும் என்டோரைனல் கார்டெக்ஸ் பகுதியில் உள்ள கட்டச் செல்கள். கோலம் போடப் புள்ளி வைப்பதுபோல, தரை முழுக்கச் சீரான இடைவெளியில் ஒரு செல் துடிக்கிறது. எவ்வளவு தூரம் நடந்தோம், எந்தத் திசையில் நடந்தோம் என்று கணக்கு வைக்க இது உதவுகிறது. இந்தக் கண்டுபிடிப்புகளுக்காக மூவருக்கும் 2014-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஆராய்ச்சியில் பங்கு உண்டு. இந்தச் செல்கள் எப்படி உருவாகின்றன, மேலும் கீழும் பறக்கும் வௌவால் போன்ற உயிரினத்தின் மூளை முப்பரிமாண இடத்தை எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதற்கு, சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. சீனிவாச சக்கரவர்த்தி குழுவினர் கணினி மாதிரிகள் உருவாக்கி 2018-ல் வெளியிட்டார்கள்.

மூணு மலை, ஒரு மேப்

செஞ்சியை உதாரணமாக வைத்தால் இது சுலபமாகப் புரியும்.

கோட்டைக்குள் நின்று பார்த்தால் மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. நீங்கள் எவ்வளவு நடந்தாலும் இந்த மூன்றும் இடம் மாறாது. ராஜகிரி ஒருத்தருக்கு முன்னால் தெரியலாம், இன்னொருத்தருக்குப் பின்னால் தெரியலாம். ஆனால் மலைக்கு மலை உள்ள உறவு மாறாது. இதைப் பிடித்துக்கொண்டு மூளை மேப் போடுகிறது. தொலைவில் இருக்கும் இந்த மாதிரி நிலையான அடையாளங்கள்தான் மூளைக்குப் பெரிய உதவி.

ராஜகிரி மேல் ஏறுவது வேறு கதை. சுமார் 800 அடி உயரம். அடுத்தடுத்து வாசல்கள், படிகள், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளத்தைத் தாண்ட ஒரு சின்னப் பாலம். வழி ஒன்றே ஒன்றுதான். அங்கே மேப் தேவையில்லை. 'இந்த வாசல் தாண்டினா அடுத்து படி, அப்புறம் பாலம்' என்று வரிசை தெரிந்தால் போதும்.

மூளை இந்த இரண்டு முறையையும் பயன்படுத்துகிறது. முதல் முறை மேப் முறை. இதற்கு ஹிப்போகேம்பஸ் முக்கியம். இரண்டாவது வரிசை முறை, அதாவது பழக்கத்தில் கால் தானாகப் போவது. இதற்கு மூளையின் ஆழத்தில் இருக்கும் காடேட் என்ற வேறு பகுதி உதவுகிறது.

வித்தியாசம் எப்போது தெரியும்? வழி அடைத்துக் கிடந்தால் தெரியும். மேப் முறையில் போகிறவர் வேறு சந்து கண்டுபிடித்துப் போய்விடுவார். வரிசை முறையில் போகிறவர் அப்படியே நின்றுவிடுவார்.

வயசானா எது குறையுது?

வயதாக ஆக மேப் முறைதான் முதலில் அடி வாங்குகிறது. வரிசை முறை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. இதற்குப் பல காரணங்கள் சேர்ந்து வருகின்றன.

முதல் காரணம், அளவு. முதுமையில் ஹிப்போகேம்பஸ் ஆண்டுக்குச் சுமார் 1 முதல் 2 சதவீதம் சுருங்குகிறது.

இரண்டாவது, தூரக் கணக்கு தப்புவது. 2018-ல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் இளைஞர்களையும் முதியவர்களையும் ஒப்பிட்டார்கள். முதியவர்களின் மூளையில் கட்டச் செல்களின் சீரான ஒழுங்கு மங்கியிருந்தது. அது எந்த அளவுக்கு மங்கியதோ, அந்த அளவுக்கு 'புறப்பட்ட இடம் எங்கே' என்று சொல்வதில் தவறு கூடியது. கழிப்பறையிலிருந்து வெளியே வந்த தாத்தாவின் பிரச்சனை கிட்டத்தட்ட இதுதான்.

மூன்றாவது காரணம்தான் சுவாரசியமானது. பழைய மேப் புது மேப்பை மறைப்பது.

ஒரு இடத்துக்குள் நுழைந்ததும் மூளை இரண்டில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். 'இது எனக்குத் தெரிஞ்ச இடமா, இல்ல புதுசா?' தெரிந்த இடம் என்றால் பழைய மேப்பை எடுக்கும். புதுசு என்றால் புது மேப் போடும். வயதான மூளை முதல் பக்கமாகச் சாய்கிறது. கொஞ்சம் ஒத்துப்போனாலே 'இது பழைய இடம்தான்' என்று பழைய மேப்பை எடுத்துவிடுகிறது. வயதான எலிகளை வைத்து நடந்த ஆய்வுகளில் இது நேரடியாகப் பதிவாகியிருக்கிறது. புது இடத்துக்குப் போனபிறகும் அவற்றின் இடச் செல்கள் பழைய இடத்தில் துடித்த மாதிரியே துடித்தன.

கிளாம்பாக்கத்தில் நிற்கும் தாத்தாவின் மூளையில் ஓடுவது 20 வருஷக் கோயம்பேடு மேப்பாக இருக்கலாம். நடைமேடை, பஸ் வரிசை, டீக்கடை, கூட்டம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. ஆனால் அமைப்பு வேறு.

இதன் இன்னொரு முகத்தை 1997-ல் கரோல் பார்ன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு காட்டியது. வயதான எலியை ஓர் இடத்திலிருந்து எடுத்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் விட்டார்கள். சில சமயம் அதன் மூளை வேறு மேப்பை எடுத்து விரித்தது. இடம் அதேதான். ஆனால் எலிக்கு அது வேறு இடம்.

"இங்கதான் வந்தேன், ஆனா வேற மாதிரி இருக்கே" என்று பெரியவர்கள் சொல்லும்போது நாம் சிரிக்கிறோம். அந்த நிமிஷத்தில் அவர்களுக்கு உண்மையிலேயே வேறு மாதிரிதான் இருக்கக்கூடும்.

திரும்பி வருவது ஏன் இன்னும் கஷ்டம்?

போன வழியிலேயே திரும்பி வருவது சுலபம் என்று நினைக்கிறோம். முதியவர்களுக்கு அப்படி இல்லை. ஒரு வழியை மறுபடி அதே திசையில் நடப்பதைவிட, அதை எதிர்த்திசையில் திரும்ப நடப்பது அவர்களுக்குக் கூடுதல் கஷ்டம் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

காரணம் முன்னால் பார்த்ததுதான். 'கடையில் இடது, கம்பத்தில் வலது' என்ற வரிசை, திரும்பும்போது தலைகீழாகிவிடும். அதைச் சரிசெய்ய மேப் வேண்டும்.

செஞ்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு அவ்வளவு கூட்டம் வரும். இருட்டில் தொலைவு அடையாளம் தெரியாது. முன்னால் போகிறவர்களின் தலைதான் தெரியும். பகலில் நுழைந்த வழி ராத்திரி கடைகளாலும் வண்டிகளாலும் மாறிப்போயிருக்கும். போதாக்குறைக்குச் சத்தம் வேறு. மூளை மேப் போட எதெல்லாம் வேண்டுமோ, அத்தனையும் ஒரே நேரத்தில் காணாமல் போகிற இடம் இது. திருவிழாக் கூட்டத்தில் பெரியவர்கள் பிரிந்துவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

எல்லாருக்கும் இப்படித்தானா?

இல்லை. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்.

அமெரிக்காவில் மிஷேலா கேலகர் குழுவினர் வயதான எலிகளைத் தண்ணீர்த் தொட்டிச் சோதனையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார்கள். 1981-ல் ரிச்சர்ட் மோரிஸ் உருவாக்கிய சோதனை இது. கலங்கலான தண்ணீருக்கு அடியில் ஒரு மேடை மறைந்திருக்கும். சுற்றியிருக்கும் அறையின் அடையாளங்களை வைத்து எலி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். குளத்தில் நீந்தும் பையன் மலையைப் பார்த்துப் படித்துறை எந்தப் பக்கம் என்று கணிப்பதுபோல. வயதான எலிகளில் ஒரு பகுதி இதில் திணறின. ஆனால் இன்னொரு பகுதி, இளம் எலிகளுக்குச் சமமாகச் செய்தன. வயது ஒன்றுதான், மூளை ஒன்றல்ல.

மனிதர்களிலும் வித்தியாசம் பெரிது. 2016-ல் வெளியான 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற மொபைல் விளையாட்டை உலகம் முழுக்க 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விளையாடினார்கள். படகை ஓட்டி வழி கண்டுபிடிக்கிற விளையாட்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஹியூகோ ஸ்பியர்ஸ் உள்ளிட்டோர், விளையாட்டின் வழியே கிடைத்த தரவுகளை ஆராய்ந்தார்கள். வழி கண்டுபிடிக்கும் திறன் 60-ல் திடீரென்று விழுவதில்லை, இளவயதிலிருந்தே மெதுவாக இறங்கிக்கொண்டே வருகிறது என்று தெரிந்தது.

2022-ல் அதே தரவிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. 38 நாடுகளைச் சேர்ந்த கிட்டத்தட்ட 4 லட்சம் பேரை வைத்துப் பார்த்ததில், நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் சராசரியாக வழி கண்டுபிடிப்பதில் மேலாக இருந்தார்கள். சதுரம் சதுரமாகத் தெரு போட்ட சிகாகோ மாதிரி ஊர்களில் வளர்ந்தவர்களைவிட, வளைந்து நெளிந்த தெருக்களில் வளர்ந்தவர்கள் சிக்கலான வழிகளைச் சமாளித்தார்கள்.

அந்த ஆய்வு செஞ்சியைப் பற்றியது இல்லை. ஆனாலும் மலை, ஏரிக்கரை, கோட்டைச் சுவர், வரப்பு என்று சுற்றி வளர்ந்தவர்களுக்கு இது நல்ல செய்திதான்.

எது சாதாரணம், எது எச்சரிக்கை?

இதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கக் கூடாத பகுதி.

புது இடத்தில் வழி தப்பினால், அது பெரும்பாலும் வயது. பழகின இடத்தில் வழி தப்பினால், அது எச்சரிக்கை.

தாத்தா கிளாம்பாக்கத்தில் தடுமாறினார், ஆனால் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டு நடைமேடைக்கு வந்துவிட்டார், ஊருக்கு வந்தபின் எப்போதும்போல இருக்கிறார் என்றால் பதற வேண்டாம். ஆனால் 50 வருஷமாகப் போய்வரும் செஞ்சி கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார் என்றால், அது ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். சொந்த வீட்டிலேயே ராத்திரி கழிப்பறை எந்தப் பக்கம் என்று குழம்புவது, தான் தொலைந்துவிட்டோம் என்பதே தெரியாமல் நடந்துகொண்டே போவது ஆகியவையும் அப்படித்தான்.

ஏன் இந்த அறிகுறிக்கு இவ்வளவு முக்கியத்துவம்? அல்சைமர் நோயில் டாவ் என்ற புரதம் மூளையில் சிக்கலாகச் சேர்கிறது. மூளையின் மேற்பரப்பில் அது ஆரம்பத்திலேயே பாதிக்கும் இடங்களில் ஒன்று, கட்டச் செல்கள் இருக்கும் அதே என்டோரைனல் கார்டெக்ஸ் பகுதி. 1991-லேயே ஜெர்மனியின் பிராக் தம்பதி இதை வரிசைப்படுத்திக் காட்டினார்கள். அதனால்தான் சிலருக்குப் பெயர் மறப்பதற்கு முன்பே வழி மறக்கிறது.

உடனே அல்சைமர் என்றும் முடிவு கட்ட வேண்டாம். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, ரத்தத்தில் சோடியம் குறைவது, சிறுநீர்த் தொற்று, சில மாத்திரைகளின் பக்கவிளைவு, மனச்சோர்வு இவையெல்லாம்கூட இப்படிக் குழப்பத்தை உண்டாக்கும். இவற்றில் பலதைச் சிகிச்சையில் சரிசெய்யலாம். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் வந்தால் பக்கவாதமாகவும் இருக்கலாம். அப்போது 108-ஐ அழையுங்கள், காத்திருக்கக் கூடாது.

எண்கள் என்ன சொல்கின்றன? இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது கூடுதல். தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-ல் மக்கள்தொகையில் 13.6 சதவீதம். 2031-ல் இது 18.2 சதவீதமாகும் என்பது தேசியப் புள்ளியியல் அலுவலக அறிக்கை தரும் கணிப்பு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

மூளையைப் பழக்க முடியுமா?

லண்டன் டாக்சி டிரைவர் ஆக வேண்டும் என்றால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுத வேண்டும். மூன்று நான்கு வருஷம் ஆகும். எலினார் மகுவைர் குழு 2000-ல் இவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. 2011-ல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பயிற்சிக்கு முன் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. படித்துத் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது.

2024 டிசம்பரில் அமெரிக்காவில் இறந்தவர்களின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. 443 தொழில்களை ஒப்பிட்டதில், அல்சைமரால் இறந்தவர்களின் விகிதம் டாக்சி டிரைவர்களிடமும் ஆம்புலன்ஸ் டிரைவர்களிடமும்தான் மிகக் குறைவு. ஒரே ரூட்டில் போய்வரும் பஸ் டிரைவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. தினமும் புது வழி யோசிப்பதுதான் காரணமா என்று இந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியாது. வழி நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அந்த வேலைக்கே போகிறார்கள் என்றும் இருக்கலாம்.

சரி, 65 வயசுல ஆரம்பிச்சா பலன் உண்டா? 2011-ல் 55 முதல் 80 வயது வரையான 120 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஒரு வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் வேகநடை நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் கூடியது. வெறும் நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வும் இதே அளவு பலனைக் காட்டவில்லை. ஆனால் நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது, அவை மூன்றும் மூளைக்கு முக்கியம் என்பதில் சந்தேகம் இல்லை. 2024-ல் லான்செட் ஆணையம், 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்றது. காது கேளாமை, சரிசெய்யாத பார்வைக் குறைவு, தனிமை இவையெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

வீட்டில் என்ன செய்யலாம்?

* புது இடத்துக்கு அழைத்துப் போனால், நீங்கள் முன்னால் விறுவிறுவென்று போகாதீர்கள். அவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நடங்கள். கையைப் பிடித்து இழுத்துப் போகப்படுகிறவரின் மூளை மேப் போடாது.

* போகும்போதே அங்கங்கே நின்று திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். "வரும்போது இது இப்படித் தெரியும்ப்பா" என்று காட்டுங்கள்.

* அடையாளம் சொல்லும்போது நகராததைச் சொல்லுங்கள். கோயில் கோபுரம், தண்ணீர் டேங்க், மேம்பாலம், அரசமரம். இளநீர் வண்டியும் பேனரும் நாளைக்கு இருக்காது.

* ஒரே நாளில் நான்கு வழி சொல்லாதீர்கள். ஒரு வழி, பகல் நேரம், பல முறை. முதியவர்களால் கற்றுக்கொள்ள முடியும். வேகம்தான் குறைவு.

* ஊரிலிருந்து அப்பா அம்மாவை அடுக்குமாடி வீட்டுக்கு நிரந்தரமாக அழைத்து வந்தால், முதல் சில வாரங்களை இதற்கென்றே ஒதுக்குங்கள். எல்லா மாடியும் எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கும். கதவில் ஒரு தோரணமோ, வாசலில் ஒரு கோலமோ பெரிய அடையாளம்.

* கண்புரை, காது இரண்டையும் பரிசோதியுங்கள். அடையாளம் கண்ணில் பட்டால்தானே மூளைக்குப் போகும்?

* சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ வீட்டு போன் நம்பர் எழுதிய அட்டை இருக்கட்டும். திருவிழாவுக்குப் போனால், பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று முதலிலேயே ஓர் இடம் பேசி வையுங்கள்.

* பெரியவர் காணவில்லை என்றால் '24 மணி நேரம் பார்ப்போம்' என்று காத்திருக்க வேண்டாம். உடனே 112-ஐ அழையுங்கள். முதியோர் உதவி எண் 14567-லும் வழிகாட்டுதல் கிடைக்கும்.

பொறுப்பு வீட்டுக்கு மட்டும்தானா?

இல்லை. பேருந்து நிலையம், ரயில் நிலையம், மருத்துவமனை, கோயில் வளாகம் எல்லாம் வர வர பெரிதாகின்றன. பெரிதாவது தப்பில்லை. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே நிறம், ஒரே தூண், ஒரே எழுத்து என்று கட்டினால், அது இளம் மூளைக்காக மட்டும் கட்டியது மாதிரி ஆகிவிடும். பகுதிக்கு ஒரு நிறம், தூரத்திலிருந்தே தெரியும் ஒரு பெரிய உருவம், எண்ணோடு சேர்த்துப் படம், திரும்பும் இடத்தில் ஒரு பலகை, கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள். இதெல்லாம் பெரிய செலவு இல்லை. பழைய இடத்தை மூடும்போது, புது இடத்துக்குப் பழக அவகாசமும் உதவியும் தருவதும் திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

செஞ்சிக்கே இந்தக் கேள்வி சீக்கிரம் வரலாம். 2025 ஜூலை 11-ம் தேதி, மராத்தியர்களின் ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை செஞ்சி. இனி கூட்டம் கூடும், புதுச் சாலை, புது நிறுத்தம், புது வேலி வரலாம். வெளியூர்க்காரர்களுக்குப் பலகை வைக்கும்போது, இந்த ஊரையே மனசில் மேப்பாக வைத்திருக்கும் உள்ளூர்ப் பெரியவர்களின் நடைபாதையையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெரியவர் புது இடத்தில் தடுமாறினால், "இதுகூடத் தெரியலையா?" என்று கேட்பதற்கு முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நம்மில் பலர் போன் மேப்பை அணைத்துவிட்டால் பக்கத்து ஏரியாவுக்கே வழி தெரியாமல் நிற்கிறோம். அவரை ராஜகிரி அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டால், அங்கே வழி கேட்க வேண்டியவர்கள் நாமாகத்தான் இருப்போம்.